கொலோனில் கார்னிவல் வாரத்தில் குடியேறுகிறீர்களா?

ஜெர்மனியில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் மாதத்தின் 1ஆம் தேதியோ 15ஆம் தேதியோ தொடங்கும். வேலையில் சேரும் தேதியும் அப்படித்தான். அதனால் பிப்ரவரியில் கொலோனுக்கு வருகிற பலர், ஊரே வேடம் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கும் வாரத்தில் சரியாக வந்து மாட்டிக்கொள்கிறார்கள். கையில் சாவி இருக்கும். ஆனால் வீட்டுக்காரர் போனை எடுக்க மாட்டார், அலுவலகம் பூட்டியிருக்கும், வேன் தெருவுக்குள் நுழையாது. கேட்டால், "புதன்கிழமைக்கு அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள்.

என் யோசனை இதுதான்: அந்த வாரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். கார்னிவலுக்கு முன் நான்கைந்து வேலைகளை மட்டும் முடியுங்கள். மற்றதையெல்லாம் கார்னிவல் முடிந்த மறுநாளான திருநீற்றுப் புதனுக்குத் தள்ளிவிடுங்கள். நடுவில் இருக்கும் நாட்களைப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பழகச் செலவிடுங்கள். மற்ற மாதங்களில் மாடிப்படியில் ஒரு "ஹலோ"வோடு கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள், இந்த ஆறு நாளில் தாமாக வந்து பேசுவார்கள்.

முதலில் தேதியைப் பாருங்கள்

கார்னிவல் பருவம் நவம்பர் 11ஆம் தேதி, காலை 11 மணி 11 நிமிடத்துக்கே தொடங்கிவிடும். அன்று ஒரு நாள் கூத்து. அப்புறம் கிறிஸ்துமஸ் முடியும்வரை அடக்கம். ஜனவரியில் மண்டபங்களுக்குள் நிகழ்ச்சிகள் நடக்கும். புதிதாகக் குடியேறுகிறவர் இதைப் பற்றியெல்லாம் கவலைப்பட வேண்டியதில்லை. கார்னிவல் தெருவுக்கு வரும் நாட்கள்தான் உங்களைப் பாதிக்கும்: வைபர்ஃபாஸ்ட்நாஹ்ட் எனப்படும் பெண்களுக்கான வியாழன் தொடங்கி, பெரிய ஊர்வலம் போகும் ரோசன்மோன்டாக் திங்களைத் தாண்டி, செவ்வாய் நள்ளிரவு வரை.

ஈஸ்டரை வைத்துக் கணக்கிடுவதால் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஈஸ்டர் ஞாயிறுக்கு 48 நாள் முன்னால் வருவது ரோசன்மோன்டாக். 2027இல் அந்த வியாழன் பிப்ரவரி 4, திங்கள் பிப்ரவரி 8. 2028இல் பிப்ரவரி 24, 28. அதாவது 2027இல் பிப்ரவரி 1ஆம் தேதி சாவி வாங்குகிறவருக்குத் திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்றே நாள்தான் உருப்படியான வேலை நாள்.

ரோசன்மோன்டாக் சட்டப்படி பொது விடுமுறை இல்லை. ஆனால் கொலோனில் பல நிறுவனங்கள் அன்று விடுமுறை விடுகின்றன, வியாழனன்றும் காலையோடு கடையைக் கட்டிவிடுகின்றன. உங்கள் நிறுவனத்தில் எப்படி என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளியோ செவ்வாயோ சேர்த்து விடுமுறை கிடைக்கலாம். அதைப் பள்ளியே முடிவு செய்யும்.

கார்னிவலுக்கு முந்தைய புதன்கிழமைக்குள் முடிக்க வேண்டியவை

சாவி வாங்கும்போதே வாங்க வேண்டிய தாள் ஒன்று உண்டு. "இவர் என் வீட்டில் குடியேறியிருக்கிறார்" என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தரும் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். பெயர்தான் நீளம், தாள் ஒரு பக்கம்தான். இது இல்லாமல் முகவரிப் பதிவு நடக்காது. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வியாழன் வந்துவிட்டால் வீட்டுக்காரரையும் பிடிக்க முடியாது, வீட்டு நிர்வாக அலுவலகத்தையும் பிடிக்க முடியாது. ஆகவே சாவியும் இந்தத் தாளும் ஒன்றாகக் கைக்கு வரட்டும்.

முகவரிப் பதிவுக்கு, அதாவது அன்மெல்டுங்குக்கு, குடியேறிய நாளிலிருந்து இரண்டு வாரம் அவகாசம். அந்த இரண்டு வாரத்தில் ஒரு வாரத்தைக் கார்னிவல் விழுங்கிவிடும். மாநகராட்சியின் வாடிக்கையாளர் மையங்கள் வியாழனன்று முழு நேரம் இயங்கும் என்று நம்பி இருக்காதீர்கள். திங்களன்று போவதே வீண். கொலோனில் எந்தப் பகுதி மையத்திலும் பதிவு செய்யலாம். உங்கள் பேட்டையில் நேரம் கிடைக்காவிட்டால் போர்ட்ஸிலோ கோர்வைலரிலோ பாருங்கள். சாவி வாங்கிய பிறகு நேரம் தேடாமல், வீடு உறுதியான அன்றே இணையத்தில் பதிவு செய்துவிடுவது நல்லது. இரண்டு வாரத்துக்குள் நேரமே கிடைக்கவில்லை என்றால், நீங்கள் பதிவு செய்ததற்கான மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வீட்டை ஒப்புக்கொள்ளும்போது எழுதும் நிலைக்குறிப்பில் அவசரம் காட்டாதீர்கள். சுவரில் உள்ள கீறல், தரையில் உள்ள கறை, ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள், படமும் எடுங்கள். மின் மீட்டரின் எண்ணையும் அன்றைய அளவையும் அதிலேயே குறிக்க வேண்டும். முன்பணம் மூன்று மாதத் தனி வாடகைக்கு (சூடேற்றல் போன்ற கூடுதல் செலவுகள் சேராத வாடகைக்கு) மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்டும் உரிமை உங்களுக்கு உண்டு. இது கார்னிவல் சட்டம் இல்லை, எப்போதும் உள்ள சட்டம்தான். ஆனால் "எல்லாம் மூடப்போகிறது, இன்றே முழுப் பணமும் போடு" என்று யாராவது அவசரப்படுத்தினால் நினைவுக்கு வரட்டும்.

அழைப்பு மணியிலும் தபால் பெட்டியிலும் உங்கள் பெயர் இருக்க வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். வரி அடையாள எண், வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாமே தபாலில்தான் வரும். பெயர் இல்லாத பெட்டியில் தபால்காரர் எதையும் போட மாட்டார். அச்சடித்த பெயர்ப்பலகை வரும்வரை, ஒரு தாளில் எழுதி டேப் போட்டு ஒட்டினால் போதும்.

அப்புறம் சாமான். ஜெர்மன் வாடகை வீட்டைப் பற்றித் தெரியாமல் வருகிறவர்கள் முதல் மாலையே அதிர்ந்துபோவார்கள்: கூரையில் விளக்கு இருக்காது, ஒயர் மட்டும் தொங்கும். பல வீடுகளில் சமையலறை என்ற பெயரில் நான்கு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான் இருக்கும். அறைகலன் கடையிலிருந்து எதுவும் அந்த வாரத்தில் வந்து சேரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு மெத்தை, ஒரு மேசை விளக்கு, மின் அடுப்பு ஒன்று, ஒரு சட்டி, ஐந்து நாளைக்கான அரிசி பருப்பு, பால், ரொட்டி. இவ்வளவு போதும். வியாழனன்று நகர மையத்தில் பல கடைகள் நண்பகலோடு மூடிவிடும். ஞாயிறு எப்படியும் மூடல். திங்களும் பெரும்பாலும் மூடல். பாராசிட்டமால்கூட மருந்துக்கடையில் மட்டும்தான் கிடைக்கும், பல்பொருள் அங்காடியில் கிடைக்காது. அதையும் காதுக்கு அடைக்கும் பஞ்சையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். திங்களன்று திடீரென்று உடம்பு முடியவில்லை என்றால் 116117ஐ அழைத்தால் பணியில் இருக்கும் மருத்துவரைச் சொல்வார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112.

வேனும் காரும்

சாமானோடு வருகிறீர்கள் என்றால் உங்கள் தெரு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. பழைய நகரம், தெற்கே செவெரின் தெருவைச் சுற்றிய பகுதி, பல்கலைக்கழகத்தை ஒட்டிய ட்ஸுல்பிஷர் தெரு வட்டாரம். இந்த மூன்றிலும் வியாழன் முதல் செவ்வாய் வரை வேன் கொண்டுவரும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். மற்ற பேட்டைகளில் முடியும், ஆனால் அங்கேயும் ஏதாவது ஒரு நாள் உள்ளூர் ஊர்வலம் இருக்கும்.

வீட்டு வாசலில் வேன் நிறுத்த இடம் வேண்டுமென்றால் தற்காலிக நிறுத்தத் தடைக்கு மாநகராட்சியிடம் அனுமதி வாங்கி, பலகையைச் சில நாள் முன்பே நட வேண்டும். இதையே தலைகீழாகவும் யோசியுங்கள்: ஊர்வலப் பாதையிலும் அதே மாதிரி பலகை நடுவார்கள். காரை நிறுத்திவிட்டு இரண்டு நாள் எட்டிப் பார்க்காமல் இருந்தால், வண்டியை இழுத்துப்போயிருப்பார்கள். செலவு உங்கள் தலையில்.

பெட்டியோடு வியாழனன்றுதான் ரயிலில் வந்திறங்குகிறீர்கள் என்றால், பேராலயத்தை ஒட்டிய தலைமை நிலையத்தில் இறங்காமல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெஸ்ஸே டாய்ட்ஸ் நிலையத்தில் இறங்குங்கள். விமான நிலையத்திலிருந்து வரும் எஸ் ரயிலும் அங்கே நிற்கும். கொலோன் தெற்கு நிலையத்தைத் தவிர்த்துவிடுங்கள். அது மாணவர் கூட்டம் பிதுங்கும் இடத்தின் வாசல். டிராம் இரவு முழுக்க ஓடும், ஆனால் நடுநகரில் பாதை மாறும், பாதி வழியில் திரும்பும். ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பஸ், டிராமில் செல்லுபடியாகும் மாதாந்தர டாய்ச்லாண்ட் டிக்கெட் 2026 தொடக்கத்திலிருந்து 63 யூரோ. அதை முன்பே போனில் ஏற்றி வைத்துக்கொண்டால் டிக்கெட் இயந்திர வரிசையில் முயல் வேடக்காரருக்கும் கடற்கொள்ளைக்காரருக்கும் நடுவில் நிற்க வேண்டாம்.

வியாழன்: வேடம் கட்டாமல் வெளியே போகாதீர்கள்

காலை 11:11க்குப் பழைய நகரத்து ஆல்டர் மார்க்ட் சதுக்கத்தில் தெருக் கார்னிவல் தொடங்கும். அன்று அதிகாரம் பெண்களுக்கு. ஆண்களின் கழுத்துப்பட்டியைக் கத்தரிக்கோலால் வெட்டுவது வழக்கம். அலுவலகத்துக்குப் போவதாக இருந்தால் பழைய டை ஒன்றைக் கட்டிக்கொண்டு போங்கள். வெட்டக் கொடுப்பதுதான் மரியாதை, முறைத்துக்கொள்வது இல்லை.

வேடம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சிவப்பும் வெள்ளையும் கொலோனின் நிறம். அந்த வரிபோட்ட ஒரு சட்டையும் மூக்கில் ஒரு சிவப்புப் பொட்டும் போதும். குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும், மழையும் பெய்யலாம். ஆகவே ஜாக்கெட்டுக்கு மேலே போடக்கூடிய தொளதொள வேடமே புத்திசாலித்தனம். நிஜம்போலத் தோன்றும் துப்பாக்கி வேண்டாம், போலீஸ் நிறுத்திவிடும். பட்டுப்புடவை கட்டிப் போனால் "என்ன அழகான வேடம்" என்று யாராவது சொல்வார்கள். சிரிப்பதா திருத்துவதா என்பது உங்கள் மனநிலையைப் பொறுத்தது.

ட்ஸுல்பிஷர் தெருப் பக்கம் புதியவர்கள் முதல் ஆண்டே போக வேண்டாம் என்பது என் கறாரான கருத்து. அங்கே நடப்பது கார்னிவல் இல்லை, பதினெட்டு வயதுக்காரர்களின் குடிப்போட்டி. தடுப்பு போட்டு, கூட்டம் நிரம்பியதும் வாசலை மூடிவிடுவார்கள். கண்ணாடி பாட்டிலுக்குத் தடை உள்ள வட்டாரங்களில் பையைச் சோதிப்பார்கள். உங்கள் பேட்டையின் மூலையில் உள்ள மதுக்கடைக்குப் போங்கள், குடிக்காதவர்களும் போகலாம். ஊர்ப் பியரான கெல்ஷ் 0.2 லிட்டர் சின்னக் குவளையில் வரும். காலியானால் கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டுப் போவார்கள். போதும் என்றால் குவளைக்கு அடியில் வைக்கும் அட்டையை அதன் மேல் வையுங்கள். வாயால் சொல்வது அவ்வளவு வேலை செய்யாது.

சாப்பாட்டு அட்டையில் கவனம் தேவை. "ஹால்வர் ஹான்" என்றால் பாதிக் கோழி என்று பெயர், வருவது கம்பு ரொட்டியும் சீஸும். சைவக்காரர்களுக்கு அதுதான் கதி. "கெல்ஷ் கவியார்" என்பது இரத்தம் கலந்த பன்றிக் குடல் தொத்திறைச்சி. மெட் என்று ரொட்டியின் மேல் பூசி வருவது பச்சைப் பன்றி இறைச்சி.

கன்னத்தில் ஒரு சின்ன முத்தம் கொடுப்பது இந்த நாட்களின் பழக்கம். வேண்டாம் என்றால் முகத்தைத் திருப்பி "நைன், டாங்கே" என்றால் முடிந்தது. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அதையும் மீறி யாராவது தொந்தரவு கொடுத்தால், எடல்கார்ட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய கடைக்குள்ளோ உணவகத்துக்குள்ளோ போய் "வோ இஸ்ட் எடல்கார்ட்?" (எடல்கார்ட் எங்கே?) என்று கேளுங்கள். பெண்களுக்குப் பாதுகாப்பான இடம் தர இந்த ஊர் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு அது. ஆபத்து என்றால் போலீசுக்கு 110.

சத்தம், வாசல், பக்கத்து வீடு

இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அமைதி நேரம் என்று சட்டம் சொல்கிறது. மற்ற நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர் ஒன்பதே முக்காலுக்கே கடிகாரத்தைப் பார்ப்பார். இந்த ஆறு நாளில் அவரே மேளத்தோடு வருவார். பாட்டுச் சத்தத்துக்காகப் போலீசைக் கூப்பிட்டு அந்தக் கட்டடத்தில் உங்கள் வாழ்க்கையைத் தொடங்காதீர்கள். காதுப்பஞ்சு எதற்கு வாங்கச் சொன்னேன்!

ஆனால் தெரு வாசல் கதவு எப்போதும் பூட்டியிருக்கட்டும். குடித்தவர்கள் ஒதுங்க இடம் தேடி அலைவார்கள், திறந்த வாசல் அவர்களுக்குக் கழிப்பறை. பழைய குடித்தனக்காரர்கள் இதில் மிகவும் கண்டிப்பு. கதவைத் திறந்து போட்ட புதியவர் என்று பெயர் வாங்கினால் அது மாறப் பல மாதம் ஆகும். தரையெங்கும் கண்ணாடித் துண்டு கிடக்கும், சைக்கிளை உள்ளேயே வையுங்கள், தடிமனான அடி உள்ள காலணி போடுங்கள்.

வந்த அன்றே மாடிப்படி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுங்கள்: பெயர், எந்த மாடி, இந்த ஊருக்குப் புதிது, மூன்று வரி போதும். அதே பலகையில் "சனிக்கிழமை எங்கள் வீட்டில் கொண்டாட்டம், சத்தம் வரும், எல்லோரும் வாங்க" என்று இன்னொருவர் ஒட்டியிருப்பார். அது ஒப்புக்குச் சொன்ன அழைப்பு இல்லை. ஒரு பொட்டலம் முறுக்கோடு அரை மணி நேரம் போய்விட்டு வாருங்கள். குப்பைத் தொட்டியில் எது எந்த நிறம், சூடேற்றி ஏன் சத்தம் போடுகிறது, வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும்.

ஊர்வலத்தில் எதற்குப் போவது?

எல்லோரும் ரோசன்மோன்டாக் ஊர்வலத்தைத்தான் சொல்வார்கள். 1823இல் தொடங்கியது, காலை பத்து மணிக்குத் தெற்கே செவெரின் வாசலிலிருந்து கிளம்பும், ஒரே இடத்தில் நின்றால் கடந்து முடியப் பல மணி நேரம் ஆகும். சுமார் 300 டன் இனிப்பை வண்டியிலிருந்து வீசுகிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் கைக்குழந்தையோடு, ஊர் தெரியாமல், முதல் ஆண்டிலா? நான் ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தைத்தான் சொல்வேன். பள்ளிப் பிள்ளைகளும் பேட்டைக் குழுக்களும் தாங்களே தைத்த உடையில் ஏறக்குறைய அதே பாதையில் நடந்து போவார்கள். கூட்டம் குறைவு, கேலி அதிகம். அதைவிடவும் எளிது செவ்வாய்க்கிழமைப் பேட்டை ஊர்வலங்கள். நிப்பெஸ், ஏரென்ஃபெல்ட் பக்கம் குடியேறியவர்களுக்கு வீட்டு வாசலுக்கே வந்துவிடும். ஜெர்மனியின் ஹம் நகரத்தில் உள்ள காமாட்சி அம்மன் கோயில் தேரைப் பார்த்தவர்களுக்கு அந்த நெரிசலும் உரிமையும் புரியும்: இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் குழந்தைகளை முன்னால் விட வேண்டும்.

கத்த வேண்டியது "கமெல்லே!" இனிப்பு வரும். பூச்செண்டு வேண்டுமென்றால் "ஸ்ட்ரூஸ்யர்!" வாழ்த்து "கெல்லே அலாஃப்". "ஹெலாவ்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது டுசல்டார்ஃப் ஊர்க்காரர்களின் வாழ்த்து. இந்த இரண்டு ஊருக்கும் பியரிலிருந்து கார்னிவல் வரை ஆகாது. துணிப்பை இரண்டு கொண்டுபோங்கள். சாக்லேட் பெட்டி நேராக முகத்துக்கு வரலாம், கண்ணாடி போட்டவர்கள் உஷார். பொறுக்குகிற ஆர்வத்தில் பிள்ளைகள் சக்கரத்தின் அருகே ஓடாமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஜெல்லி மிட்டாய்களில் பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும். சாப்பிடாதவர்கள் வீட்டுக்கு வந்து பொறுமையாகப் பிரித்து, வேண்டாததை மாடிப்படியில் ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டால் யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

மதுக்கடை வாசலுக்கு மேல் வைக்கோல் பொம்மை ஒன்று தொங்குவதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். அவர் பெயர் நுப்பல். ஆறு நாளும் செய்த எல்லாத் தப்புக்கும் அவர்தான் காரணம் என்று குற்றப்பத்திரிகை வாசித்து, செவ்வாய் நள்ளிரவில் அழுதுகொண்டே எரிப்பார்கள். நான் பார்த்தவரை இந்த விழாவிலேயே நல்ல நாடகம் இதுதான். பெரிய ஊர்வலத்தைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள்.

திருநீற்றுப் புதனிலிருந்து

புதன் காலையில் ஊர் அப்படியே மாறியிருக்கும். துப்புரவு வண்டிகள் ஓடும், உணவகங்களில் மீன் சாப்பாடு. தொலைபேசிகள் மீண்டும் எடுக்கப்படும், ஆனால் ஒரு வாரத் தேக்கமும் சேர்ந்து நிற்கும். ஆகவே அன்று வீட்டுக்காரரைத் துரத்துவதைவிட வியாழன் காலை அழைப்பது பலன் தரும். மீட்டர் அளவைக் கொடுத்து மின் ஒப்பந்தம் போடுங்கள். நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் கரண்ட் வரும், ஆனால் உள்ளூர் அடிப்படை நிறுவனத்தின் கட்டணத்தில் வரும், அது பெரும்பாலும் மலிவு இல்லை. இணைய இணைப்புக்குத் தொழில்நுட்பர் வரச் சில வாரம் ஆகலாம், அதுவரை போன் டேட்டாதான். விழா வாரத்தில் குப்பை எடுக்கும் நாள் தள்ளிப்போயிருக்கலாம் என்பதால் நாட்காட்டியைப் பார்த்துத் தொட்டியை வெளியே வையுங்கள். பதிவு முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் வரி எண் தபாலில் வரும், அதை உடனே அலுவலகத்தில் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அதிக வரி பிடிப்பார்கள். கூடவே வானொலி, தொலைக்காட்சிக் கட்டணக் கடிதமும் வரும். டிவி இல்லை என்று அதைத் தூக்கிப் போடாதீர்கள், ஒரு வீட்டுக்கு ஒரு கட்டணம் என்பது கணக்கு. ஒரே வீட்டில் இருவர் வாடகைக்கு இருந்தால் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட வேண்டும்.